காங்கேயம் செக்கு எண்ணெய்த் தளத்துக்கு எந்தச் சொற்களைப் பிடிப்பது?

வணக்கம் நண்பரே. தளம் போட்டு எட்டு மாதமாகியும் 'தேங்காய் எண்ணெய்' என்று தேடினால் உங்கள் கடை வரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அங்கே அமேசானும் பெரிய பிராண்டுகளும் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதோடு அப்படித் தேடுகிறவர் வாங்க வந்தாரா, முடிக்குத் தேய்க்கலாமா என்று படிக்க வந்தாரா என்பதே தெரியாது.

வாங்கப்போகிறவர் நீளமாகத் தட்டுவார்: 'மரச்செக்கு தேங்காய் எண்ணெய் 5 லிட்டர் விலை', 'காங்கேயம் செக்கு எண்ணெய் மொத்த விலை'. தேடுவோர் குறைவுதான், ஆனால் வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வருவார். பலர் இதையே ஆங்கில எழுத்தில் தட்டுவதால் அந்த வடிவமும் பக்கத் தலைப்பில் ஒருமுறை வரட்டும்.

உங்கள் தளம் கூகுளில் எந்தச் சொற்களுக்கு வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம். அதன் செயல்திறன் அறிக்கையில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் தென்பட்ட தடவைகள்) நிறைய இருந்தும் கிளிக் இல்லாமல், சராசரி இடம் 8 முதல் 20க்குள் நிற்கும் சொற்களை முதலில் எடுங்கள், கொஞ்சம் உழைத்தால் மேலே வரக்கூடியவை அவைதான். அப்புறம் உங்கள் வாட்ஸ்அப்பைப் புரட்டுங்கள். 'சல்பர் போடாத கொப்பரையா?' என்று வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் அதற்குத் தனிப் பக்கமே எழுதலாம், கொப்பரை காயும் களத்தின் படத்தோடு.

மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் (பார்ப்பவருக்குத் தெரியாமல் பக்கத்தின் பின்னணியில் சொற்களைக் குறிக்கும் இடம்) நாற்பது சொற்களை அடைத்ததாகச் சொன்னீர்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. அதற்குச் செலவிடும் நேரத்தில் கடலை, நல்லெண்ணெய், தேங்காய் மூன்றையும் ஒரே பக்கத்தில் போடாமல் தனித்தனியாகப் பிரியுங்கள், விலையையும் போடுங்கள்.