ஓஎஸ் டிஸ்க் பேக்கப் – கேள்வி பதில்

கே: விண்டோஸ் எக்ஸ்பி சிடிய காப்பி எடுத்தேன். ஒரிஜினல்ல இருக்கிற ஃபைல் எல்லாம் காப்பிலயும் இருக்கு, ஆனா பூட் ஆக மாட்டேங்குது. சிடி மட்டமான சரக்கா?

ப: சிடி மேல பழி போடாதீங்க. எக்ஸ்ப்ளோரர்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி இழுத்துப் போட்டிருப்பீங்க, அதானே? எத்தனை தடவதான் சொல்றது, பூட் டிஸ்க்ல கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரமும் இருக்கு. 1995ல ஐபிஎம்மும் ஃபீனிக்ஸும் சேர்ந்து எல் டொரிட்டோனு ஒரு முறைய கொண்டு வந்தாங்க, அதுப்படி சிடியோட 17வது செக்டர்ல பூட் கேட்டலாக்ங்கற பட்டியல் எங்க இருக்குனு ஒரு குறிப்பு இருக்கும், கம்ப்யூட்டர் ஆன் பண்ணதும் முதல்ல ஓடற பயாஸ் அதைப் படிச்சு அங்கேர்ந்து பூட் இமேஜுக்கு, அதாவது பூட்ட ஆரம்பிச்சு வைக்கிற குட்டி ப்ரோக்ராமுக்குப் போகும். எக்ஸ்பி சிடில அந்த இமேஜ் வெறும் 2 கேபி. எக்ஸ்ப்ளோரர்ல தெரியாது, அதனால இழுத்துப் போட்டாலும் வராது. 600 எம்பிய கரெக்டா காப்பி பண்ணிட்டு இந்த 2 கேபிய விட்டுட்டு சிடி கம்பெனிய திட்டுறீங்க.

டிஸ்க்க முழுசா ஐஎஸ்ஓவா எடுங்க, அதாவது கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து மொத்த டிஸ்க்கையும் அப்படியே ஒரே ஃபைலா. விண்டோஸ்ல இமேஜ்பர்ன், லினக்ஸ்ல டிடி கமாண்ட், ரெண்டுமே ஓசிதான். எடுத்த ஐஎஸ்ஓவ இமேஜாதான் பர்ன் பண்ணணும், டேட்டா டிஸ்க்கா எழுதினா உள்ள ஒத்த ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் உக்காந்திருக்கும், அதோட ஸ்க்ரீன்ஷாட்டையும் எனக்கு மாசம் ஒருத்தராவது அனுப்பிடுறாங்க. எழுதி முடிச்சா வெரிஃபை பண்ணி சரியா எழுதியிருக்கானு பாருங்க, அப்புறம் அதுலேர்ந்தே பூட் பண்ணிப் பாருங்க. செட்டப்போட நீல ஸ்க்ரீன் வந்தா போதும், எஃப்3 அமுக்கி வெளிய வந்துடுங்க, ஆர்வத்துல என்டர் தட்டிட்டே போயி சி டிரைவ ஃபார்மட் பண்ணிட்டு எனக்கு எழுதாதீங்க.

கே: எந்த ஸ்பீடுல எழுதறது?

ப: சிடினா 16எக்ஸ், டிவிடினா 8எக்ஸ். அவசரம்னா டீ குடிச்சிட்டு வாங்க.

கே: சார் காப்பி எடுக்கும்போது எரர் வருது என்ன பண்ண?

ப: என்ன எரர்? எந்த சாஃப்ட்வேர்? எத்தனையாவது பர்சன்ட்ல? ஒண்ணுமே சொல்லாம கேட்டா நான் ஜோசியமா பாக்கறது? கீறலா இருக்கும்னு வெச்சுக்கறேன். நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க, சில டிரைவ் படிச்சுடும். லேபிள் பக்கம் ஆழமா கீறியிருந்தா ஆசைய விட்டுடுங்க, சிடில டேட்டா அந்தப் பக்கத்துக்கு ஒட்டினாப்லதான் இருக்கு.

கே: விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ டிவிடில அடங்கல.

ப: எப்படி அடங்கும்? கவர்ல 4.7 ஜிபினு போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்குல 4.3 சொச்சம்தான், ஐஎஸ்ஓவோ 5 ஜிபிக்கு மேல. 8 ஜிபி பென்டிரைவ் எடுத்து, ஐஎஸ்ஓவ பூட் ஆகற பென்டிரைவா மாத்துற ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல போடுங்க. இங்கயும் இழுத்துப் போடற வேலை வேணாம், உள்ள இருக்கற இன்ஸ்டால் விம்ங்கற பெரிய ஃபைல் 4 ஜிபிய தாண்டிட்டா, ஃபேட்32 முறையில ஃபார்மட் பண்ணின பென்டிரைவ் அதை வாங்கிக்காது. பென்டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், அதையும் இப்பவே சொல்லிடறேன்.

கே: ஒரிஜினல் டிஸ்க்க காப்பி எடுக்கறது சட்டப்படி தப்பா?

ப: உங்க சொந்த டிஸ்க், தொலைஞ்சா உடைஞ்சா உதவட்டும்னு ஒரு காப்பினா தப்பில்ல. 1957 காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுலயே அதுக்கு இடம் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்தா அது பேக்கப் இல்ல.

கே: லேப்டாப்போட டிஸ்க்கே தரல. விண்டோஸோட ப்ராடக்ட் கீயும் எங்கயும் இல்ல.

ப: விண்டோஸ் 8லேர்ந்து பிராண்டட் லேப்டாப்ல கீ மதர்போர்டு பயாஸ்லயே இருக்கும், அதே எடிஷன போட்டா செட்டப் தானா எடுத்துக்கும். குறைஞ்சது 16 ஜிபி இருக்கற பென்டிரைவ் ஒண்ணு வாங்கி, விண்டோஸ் கெட்டுப்போனா திரும்பப் போட ரெகவரி டிரைவ் பண்ணி வெச்சுக்கங்க. ஹார்டுடிஸ்க்லதான் ரெகவரி பார்ட்டிஷன் இருக்கேனு சும்மா இருக்காதீங்க, ஹார்டுடிஸ்க் போனா அதுவும் சேர்ந்துதான் போகும். பண்ணி முடிச்சதும் பூட் பண்ணிப் பாருங்க.

கே: எக்ஸ்பி காப்பி நல்லா பூட் ஆகுது, ஆனா செட்டப் நடுவுல 7பினு ப்ளூ ஸ்க்ரீன்.

ப: காப்பில குத்தமில்ல, ஏஹெச்சிஐ மோட்ல இருக்கற ஹார்டுடிஸ்க்க எக்ஸ்பி செட்டப்புக்குப் படிக்கத் தெரியல. பயாஸ்ல சாட்டா மோட், அதாவது ஹார்டுடிஸ்க்கோட பேசற முறைய, ஏஹெச்சிஐலேர்ந்து ஐடிஇக்கு மாத்துங்க.