ஒன்பது சிவப்பு வட்டங்கள்

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு பக்கக் கதை எழுதினான். ஆசிரியை ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல், அடியில் 'அருமை' என்று மட்டும் எழுதித் தந்திருக்கிறார். நானே ஒன்பது இடங்களில் வட்டமிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன். இப்படி விட்டால் பிள்ளைகளின் தமிழ் என்ன ஆகும்?
– ஒரு தந்தை, கரூர்

பதில்: திருத்தத்தான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் பிழையைப் பார்த்தும் பாராமல் விடுவதற்குப் பெயர் அன்பு அல்ல. ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில், உங்கள் சிவப்பு மையை விலக்கிவிட்டுத்தான் பையனின் கதையை நான் தேட வேண்டியிருந்தது.

ஒன்பதில் ஐந்து வட்டங்கள் ஒரே பிழைக்கு: ண, ன தடுமாற்றம். 'கன் திறக்காத குட்டிகளுக்கு அம்மாவின் மனம் மட்டும் தெரியும்' என்று எழுதியிருக்கிறான். 'கண்' என்று திருத்தியது சரி. ஆனால் 'மனம்' என்பதையும் நீங்களே 'மணம்' ஆக்கிவிட்டீர்கள். தாய்ப்பூனையின் வாசனையைச் சொன்னானா, உள்ளத்தைச் சொன்னானா? அவனைக் கேட்டீர்களா? இரண்டுமே நல்ல வாக்கியம்தான். எது அவனுடையது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு எழுத்துகளையும் நம்மில் பெரும்பாலோர் பேச்சில் பிரித்து ஒலிப்பதில்லை. காது பிரித்துத் தராததைக் கண்தான் பழக வேண்டும். ஐந்து வட்டங்களுக்குப் பதில் ஒரு சிறு பாடம் சொல்லிக் கொடுங்கள்: டகரத்துக்கு முன் டண்ணகரம், வண்டு, றகரத்துக்கு முன் றன்னகரம், கன்று. மற்றவை வாசிக்க வாசிக்க வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவன் நான். தும்பிக்கை போட்ட பழைய 'லை'யை என் கை மறந்தது, புதிய வடிவை அச்சில் தினமும் பார்த்துப் பார்த்துத்தான்.

இரண்டு வட்டங்கள் ஒற்றுப்பிழைக்கு. பெரிய எழுத்தாளர்களின் படைப்புகளிலேயே, பிழை திருத்தும் நாங்கள் அன்றாடம் வல்லொற்றை (க், ச், த், ப்) சேர்க்கிறோம், நீக்குகிறோம். இந்த வயதில் அது காத்திருக்கலாம். 'வீட்டு' என்பது 'விட்டு' ஆனதை, உரக்கப் படிக்கச் சொன்னால் அவனே கண்டுபிடிப்பான்.

ஒன்பதாவது வட்டம்தான் எனக்குக் கோபம் மூட்டியது. 'அம்மாயி' என்று அவன் எழுதியதை அடித்துவிட்டு 'பாட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாயி என்றால் தாயைப் பெற்றவள் என்று உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 'பாட்டி' அதைச் சொல்லுமா? அவன் எழுதியது பிழையே அல்ல. அந்தச் சொல்லை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியையிடமும் எனக்குக் குறை உண்டு. 'அருமை' என்பதைக் கதையைப் படிக்காமலே எந்தத் தாளிலும் எழுதிவிடலாம். கண் திறக்காத குட்டிகளைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். மறுநாள், யாருடைய பிழை என்று சொல்லாமல், அந்த ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி வகுப்பு முழுவதற்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கதை தொடங்கும்போது பூனை நான்கு குட்டிகள் போடுகிறது. கடைசி வரியில் மூன்று குட்டிகள்தான் பால் குடிக்கின்றன. நான்காவது குட்டிக்கு என்ன ஆயிற்று என்று ஆசிரியை கேட்கவில்லை. ஒன்பது வட்டமிட்ட நீங்களும் கேட்கவில்லை. இன்றிரவு பேனாவை மூடி வைத்துவிட்டு அவனிடம் கேளுங்கள். சொன்னான் என்றால், அதையும் எழுதச் சொல்லுங்கள்.