கலங்கிய பையும் வீட்டிலிருந்த மாத்திரையும்

முதலில் அந்த ஆன்டிபயாட்டிக் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துத் தூரப் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் அம்மாவின் வயிற்று டயாலிசிஸ் பையில் இருக்கும் சர்க்கரையைப் பற்றித்தான் (சிறுநீரகத்தின் வேலையை, பையிலுள்ள திரவத்தை டியூப் வழியாக வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துச் செய்யும் முறை இது). அது வயிற்றுக்குள் வடிகட்டியாக வேலை செய்யும் சவ்வை அரித்துத் தின்றுவிடும் என்று யாரோ அனுப்பிய வீடியோ. அதைப் பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு நாலு பை என்பதை நீங்களே மூன்றாகக் குறைத்தது. சர்க்கரையே இல்லாத 'சோள மாவுத் தண்ணி' வந்திருக்கிறதாமே, அதற்கு மாறிவிடலாமா என்ற கேள்வி. நடுவில் ஒரே ஒரு வரி: 'போன மாசம் ரெண்டு தடவை தண்ணி லேசாகக் கலங்கி வந்துச்சுங்க, வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைக் கொடுத்தோம், தெளிஞ்சிருச்சு.' கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான்.

கலங்கிய தண்ணீர் என்றால், வேறு காரணம் என்று நிரூபிக்கும்வரை வயிற்றுச் சவ்வில் கிருமி புகுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தெளிவா கலங்கலா என்று சந்தேகமா? வடிந்த பையை அன்றைய செய்தித்தாளின் மேல் வையுங்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் சரி. மங்கினால் அந்தப் பையோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி ஆனாலும். பையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். அதிலிருந்துதான் வெள்ளை அணுக்களை எண்ண வேண்டும் (ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு என்றால் தொற்று), எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கக் கல்ச்சர் வைக்க வேண்டும்.

அரைகுறையாக நாலு மாத்திரை போட்டால் கிருமி சாகாது, ஒளிந்துகொள்ளும். கல்ச்சரில் எதுவும் வளராது; எந்த மருந்து கொடுப்பது என்று நாங்கள் இருட்டில் துழாவ வேண்டும். போதாக்குறைக்கு, ஆன்டிபயாட்டிக் போட்ட பின்னால் பூஞ்சைத் தொற்று வரவும் வாய்ப்புண்டு. அது வந்துவிட்டால் டியூபையே எடுத்தாக வேண்டும். முறையான சிகிச்சையில் மருந்தைப் பெரும்பாலும் டயாலிசிஸ் பைக்குள்ளேயே கலந்து, இரண்டு மூன்று வாரம் கொடுப்போம். என்னிடம் வரும் ஒரு பாட்டி, 'ஏனுங்க, அரிசி களைஞ்ச தண்ணியாட்டம் வந்துச்சுங்க' என்று விடிகாலையில் பையை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். படிக்காதவர். அவருக்கு டியூப் தப்பியது.

இப்போது தெளிவாக இருந்தாலும் அடுத்து வடியும் பையை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துவிடுங்கள். மாத்திரை கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, சர்க்கரைக்கு வருவோம். அந்த வீடியோ முழுப் பொய்யில்லை, அதுதான் தொல்லை. தண்ணீரை உடம்பிலிருந்து இழுக்கச் சர்க்கரை வேண்டும். 2.5 சதவீதப் பை இரண்டு லிட்டரில் 50 கிராம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் சில மணி நேரத்தில் உடம்புக்குள் போய்விடும். வருடக்கணக்கில் இப்படி ஊறினால் சவ்வு தடிக்கும். இன்னொரு சங்கதி உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும், ஆலைக்கொட்டாய் வைத்திருப்பவர் நீங்கள். கரும்புப் பாலைக் கொப்பரையில் காய்ச்சும்போது நிறம் மாறுகிறதல்லவா? பையைக் கிருமி நீக்கச் சூடுபடுத்தும்போதும் சர்க்கரை சிதைந்து சில வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன. அவற்றைக் குறைக்கத்தான் பழைய வகைத் திரவத்தைக் கொஞ்சம் அமிலமாகவே, 5.5-ஐ ஒட்டிய பி.ஹெச். அளவில், வைத்தார்கள். சவ்வுக்கு அந்த அமிலமும் ஆகாது.

இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள்: ஒரே பையில் இரண்டு அறை. ஒன்றில் சர்க்கரை, மற்றதில் அமிலத்தைச் சமன்செய்யும் லாக்டேட்டோ பைகார்பனேட்டோ. தனித்தனியாகச் சூடாக்கி, உள்ளே விடுவதற்கு முன்னால் தடுப்பை உடைத்துக் கலக்க வேண்டும். சிதைவுப் பொருள் குறைவு, அமிலமும் இல்லை. இதைப் பயன்படுத்தினால், பழுதான சிறுநீரகம் இன்னமும் பிரிக்கும் கொஞ்சநஞ்சச் சிறுநீர் இன்னும் கொஞ்ச காலம் நிற்காமல் வருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. விலை கூடுதல். கட்டுப்படியானால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆகாவிட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்ததாக நினைக்காதீர்கள். வீட்டிலேயே டயாலிசிஸ் என்று நீங்கள் எடுத்த முடிவிலும் தப்பில்லை. சவ்வுக்குச் சர்க்கரை வருடக்கணக்கில் செய்யும் கெடுதலை, கவனிக்காமல் விட்ட தொற்று சில வாரத்தில் செய்துவிடும்.

சோள மாவுத் தண்ணீர் என்று நீங்கள் சொல்வது ஐகோடெக்ஸ்ட்ரின். நல்ல மருந்துதான். ஆனால் ராத்திரி முழுக்க உள்ளே நிற்கும் ஒரு பைக்கு மட்டும், ஒரு நாளைக்கு ஒன்று. மற்றவை பழையபடிதான். அம்மா இன்சுலின் போடுபவர் என்பதால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இது உடம்பில் மால்டோஸாக உடைகிறது. சில குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் அதையும் சர்க்கரை என்று எண்ணிவிடும். உண்மையில் 60-க்குக் கீழே இறங்கிக் கிடப்பவருக்கு மீட்டர் 180 காட்டும், நீங்கள் இன்னும் இன்சுலின் போடுவீர்கள். மாறுவதாக இருந்தால் ஸ்ட்ரிப் டப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு மாறுங்கள்.

வடியும் தண்ணீரில் வெள்ளை நூல் மாதிரி வருவது ஃபைப்ரின் என்ற புரதம். தண்ணீர் தெளிவாக இருந்து வடிவதும் தடைபடாவிட்டால் விட்டுவிடலாம். மெதுவாக வடிவது பெரும்பாலும் மலச்சிக்கல். இளமஞ்சள் நிறம் இயல்பு.

நாலாவது பையை இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் ஆசை இருந்தால் ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை நிறுத்துங்கள். உப்பும் குடிக்கும் தண்ணீரும் குறைந்தால், சர்க்கரை அதிகமுள்ள 4.25 சதவீதப் பை தேவைப்படுவது குறையும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் வேண்டாம், மிச்சமிருக்கும் சிறுநீரை அது பறித்துவிடும். அப்புறம், ஆலையிலிருந்து வந்த கையோடு பை மாற்ற உட்காராதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மாஸ்க் கட்டி, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு டியூபைத் தொடுங்கள். இரண்டு தடவையும் கலங்கிய நாளுக்கு முன்னால் பை மாற்றியது யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், நர்ஸ் முன்னால் ஒருமுறை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.