இடது இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று அடித்தால் ரிலேயைக் குறை சொல்லாதீர்கள்

அண்ணே, கம்பத்திலிருந்து குமுளிக்குக் காய்கறி ஏற்றும் பழைய பிக்கப்பில் வலது இண்டிகேட்டர் சரியாக அடிக்கிறது, இடது மட்டும் வேகமாக அடிக்கிறது, விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலேயைப் புதிதாகப் போட்டும் தீரவில்லை என்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரிலேதான். வலது ஒழுங்காக இருக்கிறதென்றால் பழைய ரிலேயும் நல்லதாகத்தான் இருந்திருக்கும், பத்திரமாக வையுங்கள்.

12 வோல்ட் வண்டியில் ஒரு பக்கத்தின் இரண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து சுமார் 3.5 ஆம்பியர் இழுக்கும். ஒன்று போனால் அது பாதியாகும். அதைக் காட்டத்தான் ரிலே வேகமாக அடிக்கிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கி, முன்னும் பின்னும் பாருங்கள். எரியாத பல்பை மாற்றும்போது 21 வாட்டா என்று அடியில் பார்த்து வாங்குங்கள். 5 வாட் போட்டால் பழைய கதைதான். எல்இடி போட்டிருந்தாலும் இதே கூத்துதான், கழற்றிவிடுங்கள்.

பல்ப் நன்றாக இருந்தால் பின்விளக்கின் எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் இரும்பு வழியே திரும்பும் இணைப்பை, பாருங்கள். மலைப்பாதை மழையும் சேறும் அங்கேதான் போய் அடையும். ஹோல்டரின் உட்புறம் பச்சை பூத்திருக்கும், எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு உட்கார்ந்திருக்கும். ஹோல்டரின் எர்த்திலிருந்து சேஸிஸின் சுத்தமான இரும்புக்குத் தனியாக ஒரு ஒயர் பிடித்துப் பாருங்கள். அடிப்பு நிதானமானால் கோளாறு அங்கேதான். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி, முறுக்கிவிடுங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கினால் சோதனையே வேண்டாம், நேராக எர்த்தைக் கழற்றலாம்.