மோதல் வந்தால் மருத்துவ, தாதிய மாணவர்கள் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி இது: "எங்கட யாழ் பிராந்தியத்தில் திரும்பவும் மோதல் வந்து சனம் இடம்பெயர்ந்தால், படிப்பு முடிக்காத மருத்துவ, தாதிய, மருந்தாளர் மாணவர்களால் உண்மையில் பயன் உண்டா? அல்லது இடைஞ்சல்தானா?"

பயன் உண்டு, நிற்கிற இடம் சரியாக இருந்தால். பெரும்பாலான மாணவர்களின் மனம் போவது அவசர சிகிச்சைப் பிரிவு வாசலுக்கு. அங்கே ஏற்கெனவே ஆட்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். ஆளில்லாமல் கிடப்பவை முகாமின் கிணற்றடி, மருந்து நின்றுபோன நோயாளரின் பட்டியல், புண் கட்டும் மேசை, மரணப் பதிவு. இந்த நான்கையும் பட்டம் பெறாத ஒருவர் ஒழுங்காகச் செய்ய முடியும். செய்யாமல் விட்டால், காயத்தில் தப்பியவர்கள் வயிற்றோட்டத்திலும் வலிப்பிலும் சாவார்கள்.

போவதற்கு முன் ஒரு விடயம். தனியாகக் கிளம்பக்கூடாது. அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் பெயர் கொடுத்து, எந்தப் பொது சுகாதார பரிசோதகரின், எந்தக் குடும்பநல உத்தியோகத்தரின் கீழ் வேலை செய்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவு பெறாதவர் மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. யுத்தம் நடந்தாலும் அது மாறாது. செஞ்சிலுவைச் சின்னத்தை நீங்களாகவே ரீசேட்டில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. ஜெனீவா உடன்படிக்கைகளின்படி அதை அணிய அனுமதி பெற்றிருக்க வேண்டும். கண்டவரும் அணிந்தால் உண்மையான மருத்துவப் பணியாளருக்கு அது தரும் பாதுகாப்புக் கெடும். அந்தப் பாதுகாப்பும் எப்போதும் காக்கப்படும் என்று நம்பியிருக்க முடியாது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ் வைத்தியசாலைக்குள்ளேயே டொக்டர்களும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். எனவே பெயர் அட்டை, அனுமதிக் கடிதம், இருவர் இருவராகப் போதல், இருட்ட முன் திரும்பல் என்பவற்றில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். மிதிவெடி இருக்கக்கூடும் என்பதால் பற்றை மண்டிய வளவுக்குள் குறுக்கு வழியும் வேண்டாம். சனம் நடந்து தேய்ந்த பாதையில் மட்டும் நடவுங்கள்.

இனிக் கிணறு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் குடாநாட்டின் வலிகாமத்துச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நகர்ந்தது மாரி தொடங்கும் நேரத்தில். மாரியில் எங்கள் நிலத்தடி நீர் மேலே ஏறும், கலங்கும். குடாநாட்டின் நீர் சுண்ணக்கல் பாறையின் வெடிப்புகளினூடாக ஓடுவதால் மேலே விழும் அழுக்கு வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். ஒரு குடும்பத்துக்காக வெட்டிய கிணற்றில் ஐம்பது குடும்பங்கள் அள்ளத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிணற்றின் விட்டத்தை அளவுங்கள். கல் கட்டிய கயிற்றை அடிவரை இறக்கி எடுத்தால் நனைந்த நீளம் நீரின் ஆழம். ஆரையை (விட்டத்தின் பாதி) ஆரையால் பெருக்கி, 3.14ஆலும் ஆழத்தாலும் பெருக்கினால் கனமீற்றர் வரும்; அதை ஆயிரத்தால் பெருக்கினால் லீற்றர். 3 மீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீரும் என்றால் ஏறத்தாழ 14,000 லீற்றர். லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் 28 கிராம் குளோரின் வேண்டும்; 30 வீத வலுவுள்ள பிளீச்சிங் பவுடரில் அது 95 கிராம் அளவு. பிளாஸ்ரிக் வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் களியாகக் குழைத்து, முக்கால் வாளிக்கு நீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் இழுத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்ட வேண்டாம். எங்கள் தண்ணீர் ஏற்கெனவே வன்நீர். இரவில் அள்ளுதல் ஓய்ந்த பிறகு செய்வது நல்லது. குறைந்தது 30 நிமிடம் கழித்துச் சோதனைப் பெட்டியால் பாருங்கள். மீதிக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும்.

இங்கே மூன்று பிழைகள் வழக்கமாக வரும். திறந்து வைத்த பழைய மூட்டையின் வலு மிகவும் குறைந்திருக்கும். கணக்குச் சரியாக இருந்தும் சோதனையில் ஒன்றும் காட்டாது. கலங்கிய நீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். முதலில் தெளிய வைக்க வேண்டும். மூன்றாவதுதான் மோசம்: பயத்தில் கூடப் போடுவது. மணம் அடித்தால் சனம் அந்தக் கிணற்றை விட்டு, குளோரின் போடாத பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போய்விடும்.

கிணற்றுக்குள் புதுநீர் ஊறிக்கொண்டே இருப்பதால் போட்ட குளோரின் நிலைக்காது. ஆகவே சனம் நெருங்கிய இடத்தில் வாளிக்கு வாளி போடுவதே நம்பத்தக்கது. 30 வீதத் தூள் 33 கிராமை ஒரு லீற்றர் நீரில் கரைத்துத் தெளிய விட்டால் 1 வீதக் கரைசல் கிடைக்கும். 20 லீற்றர் வாளிக்கு அதில் 4 மில்லிலீற்றர், ஊசி கழற்றிய சிறிஞ்சால். காலை 5 மணி முதல் ஒரு மாணவர் கிணற்றுக் கட்டடியில் நின்று ஒவ்வொரு வாளிக்கும் இதைப் போட்டு, 30 நிமிடம் மூடி வைத்துக் குடிக்கச் சொல்ல வேண்டும். சலிப்பான வேலைதான். ஒரு மாணவர் ஒரு நாளில் செய்யக்கூடிய எதையும்விட இது கூடுதல் உயிரைக் காக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தண்ணீர் ஏற்றிவரும் பவுசரின் கணக்கையும் தெரிந்து வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர். 5,000 பேர் என்றால் 75,000 லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் எட்டுத் தடவை வர வேண்டும். இந்தக் கணக்கோடு பிரதேச செயலகத்துக்குப் போனால் "தண்ணி காணாது" என்ற முறைப்பாடு ஒரு கோரிக்கையாக மாறும். மலசலகூடம் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. கிணற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளி என்பது உலகப் பொது அளவு. எங்கள் சுண்ணக்கல்லில் அந்தத் தூரத்தை நம்ப முடியாது. அடி பூசிய தொட்டி கட்டி, கழிவு இறைக்கும் பவுசரால் எடுப்பதுதான் இங்கே பாதுகாப்பு.

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி, அதாவது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றரில் முழுதாகக் கரைக்க வேண்டும். தாய்மார் கிளாசுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைப்பதால் உப்புக் கூடிப்போகிறது. ஒரு லீற்றர்ப் போத்தலைக் கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள். ஜீவனி தீர்ந்தால் ஒரு லீற்றர் சுத்தமான நீருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர், தாய்ப்பால் நிறுத்தக்கூடாது. கண் குழிந்து, சோர்ந்து, குடிக்க முடியாமல் கிடக்கும் பிள்ளையை அங்கே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அனுப்புங்கள். 6 முதல் 59 மாதப் பிள்ளைகளின் இடது மேற்கையின் சுற்றளவையும் அளவுங்கள். 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறைவு.

அடுத்தது, யாரும் கவனிக்காத கூட்டம்: கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். இரண்டு நாள் கொட்டில் கொட்டிலாகப் போய் ஒரு பட்டியல் எடுங்கள். மருந்து நின்றால் சில நாட்களில் சாகக்கூடியவர்கள் தனி நிறத்தில் வர வேண்டும்: இன்சுலின் ஏற்றும் சிறுவயது நீரிழிவுக்காரர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர், வலிப்பு மருந்து எடுப்பவர், நீண்டகாலம் ஸ்ரெரொயிட் எடுப்பவர், கடும் ஆஸ்துமாக்காரர். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் குளிசையின் நிறம், அளவு, எந்தக் கிளினிக், எத்தனை வேளை என்று கேளுங்கள். மருந்தாளர் மாணவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். பாவனையிலுள்ள இன்சுலின் 30 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு கிழமை தாங்கும். மின்சாரம் இல்லையென்றால் பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை வைத்து, இடைவெளியை ஈர மணலால் நிரப்பி, ஈரச் சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கோடையில் நன்றாகக் குளிரும். மாரியின் ஈரக் காற்றில் அவ்வளவாக இராது. ஐஸ் கட்டியை நேரே முட்ட வைக்கவே கூடாது, உறைந்த இன்சுலின் பிறகு உதவாது.

காயம் பற்றிச் சுருக்கமாக. இரத்தம் பீறினால் நேரடி அழுத்தம். கை காலில் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து இறுக்குப்பட்டி. கட்டிய நேரத்தை அதிலேயே எழுதுங்கள், இடையில் தளர்த்த வேண்டாம். குண்டுச் சிதறல் காயத்தை ஒருபோதும் தைக்காதீர்கள். அது உடுப்பையும் மண்ணையும் சதைக்குள் இழுத்துச் செல்லும். மேலே தைத்து மூடினால் உள்ளே செத்த சதையில் வாயு அழுகலும் ஏற்புவலியும் (ரெற்றனஸ்) வளரும். சத்திரசிகிச்சை நிபுணர் செத்த சதையை வெட்டி நீக்கித் திறந்து விடுவார், நாலைந்து நாள் கழித்தே மூடுவார். அதுவரை கட்டைத் தினமும் அவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் பல மாணவர்களிடம் உண்டு. காய்ச்சல், துர்நாற்றம், கூடும் நோ இல்லாவிட்டால் அந்தக் கட்டைத் தொடக்கூடாது. இரத்ததானமும் அப்படியே ஆர்வத்தில் கெடும்: முதல் நாளே எல்லோரும் கொடுத்தால் நான்கு மாதம் வரை திரும்பக் கொடுக்க முடியாது. இரத்த வகை வாரியாகப் பெயர் எழுதி, இரத்த வங்கி கேட்கும்போது பகுதி பகுதியாக அனுப்புங்கள்.

நிலத்தில் படுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்து கட்டு விரியன். கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் இராது. விடியப்புறம் வயிற்று வலி என்பார்கள், பிறகு கண்ணிமை சரியும். அப்படி ஒருவர் வந்தால் வாய்வு என்று குளிசை கொடுத்து அனுப்பாமல் நேரே வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள்.

மரணப் பதிவு எழுதுவதற்கு மனம் வராது. எழுதத்தான் வேண்டும். நாளொன்றுக்கு 10,000 பேருக்கு 1 மரணத்தை எட்டினால் அது அவசரநிலை. ஐந்து வயதுக்குக் கீழே அந்த எல்லை 2. 5,000 பேர் முகாமில் ஒரு கிழமைக்கு 4 மரணம் என்றால் எல்லை தாண்டிவிட்டது. மேலிடத்துக்குச் சொல்ல இந்த எண்ணைவிட வலுவானது ஒன்றுமில்லை.

ஆனால் எழுதியது யார் கையில் போகும் என்பதை யோசித்து எழுதுங்கள். பதிவில் இலக்கம் மட்டும் இருக்கட்டும்; பெயரும் முகவரியும் உள்ள தாள் வேறாக, பொறுப்பதிகாரியிடம். காயப்பட்ட இளைஞரின் படமோ இருக்கும் இடமோ போனில் போகக்கூடாது. கண்டதைப் பதிவு செய்வதற்கு இந்த ஊரில் கொடுத்த விலை தெரிந்ததுதான். மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்துவந்த, யாழ் மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனம் உடைந்திருப்பவரிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையால் நன்மையில்லை. பாருங்கள், கேளுங்கள், தேவையான இடத்தோடு இணைத்துவிடுங்கள். "அம்மா, உங்கட மகன் கட்டாயம் வருவார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காணாமல் போனவரைத் தேட யாரிடம் பதிவது என்று சொல்லிக் கூடவே போங்கள். நீங்களும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

இப்போதே செய்யக்கூடியது: சமுதாய மருத்துவப் பயிற்சிக் காலத்தில் ஒரு பரிசோதகரோடு போய்க் குறைந்தது ஒரு கிணற்றை அளந்து, குளோரின் போட்டு, மறுநாள் சோதித்துப் பாருங்கள். முகாமுக்குப் போன பின் பட்டியலைக் கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதுங்கள். உங்கள் குழு மாறும்போது பழைய குழுவில் ஒருவர் மூன்று நாள் தங்கி, எந்தக் கொட்டிலில் யாருக்கு இன்சுலின், எந்தக் கிணற்றுக்கு எத்தனை கிராம் என்று புதியவரைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.