நோயெதிர்ப்பு ஏற்பி வழியாகவே கிருமி நரம்புக்குள் நுழையுமா?

கிருமியைப் பற்றி அழிப்பதற்காகச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களான நோயெதிர்ப்பு ஏற்பிகளே, நரம்பைத் தாங்கும் செல்களுக்குள் கிருமி நுழைய வழிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நுண்ணுயிரியல் மாணவராக இருக்கக்கூடும். எனக்கு இது தொழுநோயால் உணர்ச்சி இழந்த என் வலக்கைச் சுண்டுவிரலைப் பற்றிய கேள்வி. ஆம், வழிவிடும்.

2009-ல், அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தில் என் உள்ளங்கையின் வெளியோரம் பட்டுக் கொப்புளம் எழுந்தது. மனைவி பார்த்துச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் எட்டு மாதங்களாக, முன்கையில் இருந்த வெளிறிய தேமலுக்கு ஒரு மருத்துவர் படைக்கான களிம்பையே மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பஞ்சுத் துணுக்கால் அவ்விடத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று ஒருமுறையேனும் அவர் கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு பார்த்த மருத்துவர், முழங்கையின் உட்புறப் பள்ளத்தில் விரலை வைத்து உருட்டினார்; அங்கே நரம்பு சணல் கயிறு போலத் தடித்திருந்தது. காதுமடலில் சிறிது கீறி எடுத்த மாதிரியில் தொழுநோய்க் கிருமி இருந்தது.

அன்றிலிருந்து தேடிப் படித்ததைச் சொல்கிறேன். புற நரம்பிழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் உறையாக அமைந்து அவற்றைப் பேணுகின்றன. கிருமிகளின் மேற்பரப்பிலுள்ள மான்னோஸ் சர்க்கரையை அடையாளம் கண்டு பற்றும் மான்னோஸ் ஏற்பி, கிருமிகளை விழுங்கி அழிக்கும் மாக்ரோஃபேஜ் செல்களுக்கே உரியது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். ஆனால் ஷ்வான் செல்களிலும் அது உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் இந்த ஏற்பியின் துணையால் ஷ்வான் செல்களுக்குள் புகுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். தொழுநோய்க் கிருமியின் சுவரிலும் மான்னோஸ் உண்டு; ஆகவே அதற்கும் இவ்வழி திறந்திருக்கக்கூடும். விழுங்கியதை அழிப்பதில் மாக்ரோஃபேஜ் அளவுக்கு வல்லமை இல்லாத ஷ்வான் செல்லுக்குள், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையே இரட்டிக்கும் அந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது.

ஷ்வான் செல்லைச் சுற்றியுள்ள லாமினின் புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் தொழுநோய்க் கிருமி நுழைகிறது என்று துறை அறிந்தவர்கள் திருத்த வரலாம். அதை நான் மறுக்கவில்லை. நன்கு நிறுவப்பட்ட வழி அதுதான். நான் மருத்துவனும் அல்லன். ஒரு கிருமிக்கு ஒரே வாசல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றே சொல்கிறேன். நோயெதிர்ப்பு ஏற்பி ஒருபுறம் கேடும் செய்கிறது: டிஎல்ஆர்-2 என்ற ஏற்பி தூண்டப்படும்போது ஷ்வான் செல்லே மடியக்கூடும் என்பதும் தொழுநோய் ஆய்வில் தெரியவந்திருக்கிறது.

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமைன் ஆகியவை சேர்ந்த கூட்டு மருந்தை 12 மாதங்கள் உட்கொண்டேன். நரம்பு வீக்கத்துக்கு ஸ்டீராய்டும் தந்தார்கள். நோய் முற்றிலும் குணமாயிற்று. ஆனால் சுண்டுவிரலுக்கும் பாதி மோதிர விரலுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. குளிக்கும் வெந்நீரின் சூட்டை இன்றும் இடக்கையால்தான் பார்க்கிறேன்.