கடவுளின் அன்புக்கு நிபந்தனை இல்லை என்றால், லெந்து நாட்களில் எதற்கு இத்தனை விரதம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: "கடவுள் எந்த நிபந்தனையும் இல்லாமல் நேசிக்கிறார் என்று என் கிறிஸ்தவ நண்பர்கள் சொல்கிறார்கள். அதே நண்பர்கள் ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் கறி சாப்பிடுவதில்லை, பூ வைப்பதில்லை, சினிமா பார்ப்பதில்லை. சும்மா கிடைக்கிற அன்புக்கு ஏன் இந்தக் கூலி?"

கூலி என்று ஒரு வார்த்தை போட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரன். சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. படித்தது வணிகவியல், இறையியல் இல்லை. ஐயர்மார் (எங்கள் சபைப் போதகர்களை அப்படித்தான் சொல்வோம்) யாராவது இதைப் படித்துவிட்டுத் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் தவக்காலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது கத்தோலிக்கர் சொல்வது. எங்களுக்கு லெந்து. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் வரும் 6 ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்றைக்கு உபவாசம் கிடையாது என்பது பழைய கணக்கு. (இந்தக் கணக்கை எங்கள் அம்மாவிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை கறி கேட்டுப் பாருங்கள், தெரியும்.) கறி, மீன், முட்டை எதுவும் இல்லை. கேக்கில் இருக்கும் முட்டை மட்டும் எப்படியோ கணக்கில் வராது. கருவாட்டு விஷயத்தில் வீட்டுக்கு வீடு கொள்கை வேறு. கல்யாணம் வைக்க மாட்டார்கள். பதநீர் சீசன் தொடங்குகிற நேரம் என்பதால் பனையேறிகள் விடியும் முன்னே மரத்தில் இருப்பார்கள். அதனால் ஜெபக்கூட்டம் ராத்திரி ஏழரைக்கு மேல்தான், தினம் ஒரு வீட்டில். எந்தத் தேதிக்கு எந்த வீடு என்று எழுதிக் கோவில் வாசலில் ஒட்டிவிடுவார்கள். கூட்டம் முடிந்ததும் சுக்குக் காப்பி. சின்ன வயதில் நான் ஒரு கூட்டம் விடாமல் போனதற்கு அதுதான் காரணம்.

சரி, இதில் கூலிக் கணக்கு இல்லையா? இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது. "லெந்து முழுக்க ஒரு நேரம்தான் சாப்பிட்டேன், ஆனாலும் பையனுக்கு வேலை கிடைக்கலையே" என்று அங்கலாய்க்கிற அத்தைமார் எல்லாச் சபையிலும் உண்டு. விரதத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அறிவிக்கிற தம்பிமாரும் உண்டு. சாம்பல் புதனன்று வழக்கமாக வாசிக்கிற பகுதியே மத்தேயு 6: "நீங்கள் உபவாசிக்கும்போது, மாயக்காரரைப்போல முகவாடலாய் இராதேயுங்கள்." தலைக்கு எண்ணெய் பூசி, முகத்தைக் கழுவு என்கிறது அது. அதைக் கேட்ட கையோடு நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு ஊர் பார்க்க நடக்கிறோம். எனக்கு வருஷா வருஷம் சிரிப்பு வரும்.

உங்கள் கேள்வியும் புதிதில்லை. 1522 தவக்காலத்தில் சூரிச் நகரத்தில் ஃபுரோஷவர் என்ற அச்சகக்காரர் தம் வேலையாட்களுக்குத் தொத்திறைச்சி பரிமாறினார். அங்கே இருந்த குரு சுவிங்லி தாம் சாப்பிடவில்லை, ஆனால் சாப்பிட்டவர்கள் பக்கம் நின்று பிரசங்கம் செய்தார், அதை அச்சிலும் போட்டார். விவகாரம் நகர மன்றம் வரை போனது. எதைத் தின்பது, எதை விடுவது என்பதை வைத்துக் கடவுளிடம் யாரும் நல்ல பெயர் வாங்க முடியாது என்பதுதான் வாதத்தின் சாரம். நம் ஊரில் லெந்து அனுசரிக்காத பெந்தெகொஸ்தே நண்பர்களிடம் கேட்டால் கிட்டத்தட்ட இதையே சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தக் கூலி. லூக்கா 15-இல் ஊதாரி மகன் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். சொத்தைப் பிரித்து வாங்கிப் போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கிற இடத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கிறான். பேச்சில் மூன்று பகுதி. உமக்கு விரோதமாகப் பாவம் செய்தேன். உம்முடைய குமாரன் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மூன்றாவது, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவது அவன் வாயிலிருந்து வருவதே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று ஆரம்பித்துவிடுகிறார். ஞாயிறு பள்ளியில் இருபது தடவையாவது இந்தக் கதையைக் கேட்டிருப்பேன். கூலி பேச்சு மட்டும் பாதியில் நின்றுபோனதை ரொம்பப் பிந்தித்தான் கவனித்தேன்.

நிபந்தனையற்ற அன்பு என்ற சொல் வேதத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, மகன் தூரத்தில் வரும்போதே ஓடுகிற ஒரு கிழவர் இருக்கிறார். ஆனால் அவன் அந்த வழியெல்லாம் நடந்து வர வேண்டியிருந்தது. நடந்ததற்காக மோதிரம் போடவில்லை, நடக்காமலும் வீட்டுக்கு வந்திருக்க முடியாது. லெந்தை நான் அந்த நடையாகத்தான் பார்க்கிறேன்.

லெந்து நடைமுறைக்கு வந்த விதத்தைப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. ஆதிச் சபையில் ஈஸ்டருக்கு முந்தின நாட்கள் இரண்டு கூட்டத்தாருக்கு முக்கியமாக இருந்தன. ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் ஒரு கூட்டம். பெரிய பாவம் செய்து திருவிருந்திலிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற நற்கருணையிலிருந்து) விலக்கி வைக்கப்பட்டு, திரும்பி வர ஆயத்தமாகிறவர்கள் இன்னொரு கூட்டம். ரோமாபுரியில் விலக்கப்பட்டவர்களைச் சபை மறுபடி சேர்த்துக்கொண்ட நாள் பெரிய வியாழன், அதாவது புனித வெள்ளிக்கு முந்தின நாள். சாம்பலும் முதலில் அவர்கள் தலையில் போட்டதுதான், பிற்பாடுதான் எல்லார் நெற்றிக்கும் வந்தது. வெளியே நிற்கிறவனுக்காக உள்ளே இருக்கிறவனும் கூடப் பட்டினி கிடந்த காலம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. எங்கள் வீட்டில் நடந்தது ஒன்று இருக்கிறது.

எங்கள் பெரியப்பா பனையேறி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தாத்தா இரண்டு பேருக்குமாக விட்டுப்போனது ஒரு விளை, ஒன்றரை ஏக்கர், அதில் அறுபது பனைக்கு மேல். பெரியப்பா அதை அப்பாவுக்குத் தெரியாமல் ஈடு வைத்தார். வட்டி ஏறியது, விளை கைமாறிப் போனது. பணம் எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும், சாராயம். அது 1983, நான் பிறந்த வருஷம். என் வயதும் அந்தச் சண்டையின் வயதும் ஒன்று. ஒரே தெரு, ஒரே கோவில், பேச்சு மட்டும் கிடையாது. லெந்து பட்டியலில் பெரியப்பா வீடு வருகிற அன்றைக்கு அப்பாவுக்குத் தவறாமல் பேப்பர் திருத்துகிற வேலை வந்துவிடும். அந்த வீட்டுச் சுக்குக் காப்பி மட்டும் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பெரியப்பாவும் கோவிலுக்கு வருவார், கடைசி வாசல் பக்கம் உட்காருவார், திருவிருந்துக்கு எழுந்திருக்க மாட்டார். யாரும் விலக்கி வைக்கவில்லை, அவராகவே விலகி இருந்தார். 1993 கடைசியில் குடியை விட்டார். எப்படி விட்டார் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

1994, பெரிய வியாழன் ராத்திரி ஆராதனை. எனக்கு 11 வயது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். கோவிலைப் பார்த்துக்கொள்கிற ஊழியரான கோவில்குட்டி, வாசல் பக்கம் நின்றவர்களையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, பெரியப்பாவைச் சரியாக எங்களுக்குப் பின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

எங்கள் ஆராதனை முறையில் சமாதானம் கொடுத்தல் என்று ஒன்று உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-இல் தனக்கென்று ஒரு நற்கருணை முறையை எழுதியபோது, கேரளத்து சுரியானி சபைகளின் இந்தப் பழக்கத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் வலது உள்ளங்கையை அடுத்தவர் வலது உள்ளங்கையோடு வைத்து, இடது கையால் மேலே மூட வேண்டும். பீடத்தில் ஐயர் தொடங்கி வைப்பார், அது கைமாறிக் கைமாறிக் கடைசி பெஞ்சு வரை வரும். இப்போது எங்கள் சபையில் இருந்த இடத்திலேயே கும்பிட்டு முடித்துக்கொள்கிறோம். எனக்கு அதில் வருத்தம்தான். கும்பிடு யாருக்கு வேண்டுமானாலும் பொதுவாகப் போட்டுவிடலாம், கை அப்படி இல்லை.

முன் பெஞ்சில் இருந்த உபதேசியார் அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டு பின்னால் பாதி திரும்பினார். யார் என்று பார்த்தார். அப்படியே நின்றார். அப்புறம் என் பக்கம் குனிந்து, என் கையைத் தம் இரண்டு கைக்குள் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "நீ குடு" என்றார்.

நான் திரும்பினேன். பெரியப்பா இரண்டு கையையும் நீட்டித்தான் வைத்திருந்தார், அப்பாவுக்காக. நக இடுக்கில் பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பு. உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருந்தது. என் கையைப் பிடித்தவர் விடவில்லை. எனக்கு வலித்தது, சொல்லவும் பயம். சமாதானம் எங்கள் பெஞ்சில் சிக்கிக்கொண்டதால் பின்னால் இருந்த அத்தனை வரிசைக்கும் அன்றைக்குத் தாமதமாகத்தான் போனது.

திருவிருந்துக்குக் கூப்பிட்டபோது பெரியப்பா எழுந்து போனார். அப்பா போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து ஒரு திருவிருந்தைக்கூட விட்டவர் இல்லை, அன்றைக்குப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நியாயம் முழுக்க அப்பா பக்கம்தான். ஏமாற்றப்பட்டவர் அவர். ஊதாரி மகன் கதையிலும் ஒரு அண்ணன் உண்டு, ஒழுங்காக வயலில் வேலை பார்த்தவன், விருந்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று வெளியே நின்றவன். அவன் கடைசியில் வந்தானா என்று கதை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மூத்தவர் இளைய குமாரன் ஆகிவிட்டார், இளையவருக்கு மூத்த குமாரனின் வேஷம் வந்து சேர்ந்தது. நிபந்தனை இல்லாத அன்பு நமக்குக் கிடைக்கும்போது இனிக்கிறது. நமக்குத் துரோகம் பண்ணினவனுக்கும் அதே அளவில் கிடைக்கிறது என்னும்போதுதான் தொண்டையில் நிற்கிறது. ரோமர் 5:8-இல் பவுல், "நாம் பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று எழுதுகிறார். அந்த 'நாம்' என்பதற்குள் பெரியப்பாவையும் சேர்த்துக்கொள்ள அப்பாவுக்கு 11 வருஷம் போதவில்லை. அப்படிப்பட்ட ஆட்களுக்கு, அதாவது எங்களுக்கு, வருஷத்துக்கு 40 நாள் அதிகம் என்று நான் நினைக்கவில்லை. கறியை விடுவது அதில் சுலபமான பகுதி.

மறுநாள் பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனை, பகல் 12-லிருந்து 3 வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் மேல் ஏழு பேர் தியானம். ஏப்ரல் மாத வெயில், எல்லாரும் வெள்ளைத் துணி, காலையிலிருந்து பட்டினி. நாலாவது வார்த்தைக்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை, கஞ்சி வாசனை வெளியிலிருந்து வர ஆரம்பித்துவிட்டது. முடிந்ததும் கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கஞ்சி, தொட்டுக்கொள்ளக் காணத் (கொள்ளுத்) துவையல். பனையோலையை மடக்கிக் கட்டிய பட்டையில்தான் ஊற்றுவார்கள். பட்டை மடக்குவது பெரியப்பா வேலை, அந்த வருஷம் அகப்பையையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் வரிசையில் நின்றோம். அப்பா வேறு பக்கம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வேறு பக்கமும் ஒரு அண்டா இருந்தது. அவர் போகவில்லை. பட்டையை நீட்டினார். பெரியப்பா நிமிர்ந்து பார்க்காமல் ஊற்றினார், கொஞ்சம் கையிலும் சிந்தியது. அப்பா அங்கேயே நின்று ஒரு வாய் குடித்தார்.

"உப்பு கொறச்சலா இருக்கு" என்றார்.

பெரியப்பா துவையலை எடுத்துப் பட்டை ஓரத்தில் வைத்தார். "தொவையல்ல இருக்கு. தொட்டுக் குடி."